'நல்ல படம், ஆனால்…': வெள்ளவத்தையில் ஒரு திரையிடல், ஒரு வாக்குவாதம்

கான் திரைப்பட விழாவில் 2006 மே மாதம் 'பான்ஸ் லேபிரிந்த்' முதன்முதலாகக் காட்டப்பட்டபோது, பார்வையாளர்கள் எழுந்து நின்று 20 நிமிடங்களுக்கு மேல் கைதட்டியதாகச் சொல்வார்கள். அடுத்த ஆண்டு ஒஸ்காருக்கு 6 பிரிவுகளில் பரிந்துரைக்கப்பட்டு, ஒளிப்பதிவு, கலை இயக்கம், ஒப்பனை என்று 3 விருதுகளை அது வென்றது. மெக்சிக்கோ இயக்குநர் கியர்மோ தெல் தோரோ ஸ்பானிய மொழியில் எடுத்த இந்தப் படத்தை மாயக்கதைப் படங்களின் முதல் வரிசையில் வைக்காத விமர்சகர்கள் குறைவு.

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், ஒரு ரியூட்டரி மண்டபத்தில் இதே படம் காட்டப்பட்டபோது கைதட்டல் எதுவும் எழவில்லை. விளக்குப் போட்டதும் முன்வரிசையில் ஒருவர் "நல்ல படம்" என்றார். பின்வரிசையில் இன்னொருவர் "ஆனால்" என்று தொடங்கினார். காவலாளி வந்து வாயிலைப் பூட்ட வேண்டும் என்று சொல்லும் வரை பேச்சு ஓயவில்லை. பேசியவர்களில் ஒருவர்கூடப் படம் மோசம் என்று சொல்லவில்லை. ஒருவர்கூட முழு மனதோடு பாராட்டவும் இல்லை. உலகம் கொண்டாடிய ஒரு படத்தின் முன்னால் கொழும்புத் தமிழர்கள் சிலர் ஏன் இப்படித் தடுமாறினார்கள் என்பதே இங்கே ஆராயப்படும் விடயம்.

இடமும் ஆட்களும்

மாதம் ஒரு முறை கூடி, உலகப் படம் ஒன்றைப் பார்த்துவிட்டுப் பேசிக் கலையும் சிறு வட்டம் அது. அன்று 30 பேரளவில் வந்திருந்தார்கள். ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர், வங்கி ஊழியர்கள், உயர்தர மாணவர்கள், மணப்பெண் ஒப்பனை செய்யும் ஓர் இளம்பெண், ஹற்றன் பக்கத்திலிருந்து வந்து இங்கே கற்பிக்கும் ஆசிரியை, வன்னியிலிருந்து வந்து மகளோடு தொடர்மாடியில் வசிக்கும் ஓர் அம்மா. விளம்பரப் படத்தில் சிறுமியையும் மரத்தையும் பார்த்துவிட்டு, பத்து வயது மகளைக் கையோடு கூட்டி வந்த ஒரு தகப்பனும் இருந்தார். பிரிட்டனில் இந்தப் படத்துக்கு 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான சான்றிதழ். அதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

ரியூட்டரிச் சுவரில் விழுந்த படம் சற்று மங்கல்தான். உபதலைப்புகள் ஆங்கிலத்தில் மட்டும். வன்னி அம்மாவுக்கு ஆங்கிலம் ஓடாது என்பதால், பக்கத்தில் இருந்த உயர்தர மாணவன் ஒவ்வொரு வரியையும் அவர் காதருகே தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான்.

கதை 1944 இல் நடக்கிறது. ஸ்பெயினின் உள்நாட்டுப் போர் 1939 இல் முடிந்து, சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சி வேரூன்றிவிட்டது. மலைக்காட்டில் எஞ்சியிருக்கும் கெரில்லாக்களை ஒழிக்க, ஒரு பழைய மாவு ஆலையில் முகாமிட்டிருக்கிறான் கப்டன் விதால். அவனை மறுமணம் செய்துகொண்ட நிறைமாதக் கர்ப்பிணி கார்மென், முதல் கணவனின் மகள் ஒஃபீலியாவோடு அங்கே வந்து சேர்கிறாள். ஆலைக்குப் பின்னால் சிதைந்த சுற்றுவழிக் கோட்டம் ஒன்று. அதன் அடியில் ஆட்டுக்கொம்பும் ஆட்டுக்காலும் கொண்ட ஒரு பிறவி ஒஃபீலியாவைச் சந்திக்கிறது. அவள் பாதாள உலகத்தின் இளவரசி என்றும், மூன்று சோதனைகளைத் தாண்டினால் தந்தையிடம் திரும்பலாம் என்றும் சொல்கிறது. மாணவர்கள் அதற்கு 'கொம்பன்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். வசதியாக இருப்பதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

முயல்

தகப்பனும் மகளும் எழுந்து வெளியே போன இடம் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. இரவில் ஒரு கிழவனையும் அவன் மகனையும் சிப்பாய்கள் பிடித்து வருகிறார்கள். முயல் வேட்டைக்குப் போனோம் என்கிறார்கள். கப்டன் ஒரு போத்தலின் அடிப்பாகத்தால் மகனின் முகத்தைக் குத்தி நசுக்குகிறான். தகப்பனைச் சுடுகிறான், பிறகு மகனையும் சுடுகிறான். அதற்குப் பிறகுதான் பையைத் துழாவுகிறான், உள்ளே முயல்கள். இனிமேல் ஒழுங்காகச் சோதித்துவிட்டு என்னைக் கூப்பிடுங்கள் என்று சிப்பாய்களைக் கண்டித்துவிட்டுப் போகிறான். அந்த முயல்கள் பிறகு சமையலறைக்கு வருகின்றன.

இந்தக் காட்சி முழுவதும் மாணவன் மொழிபெயர்க்கவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. பேச்சு தொடங்கியபோது அவர் முதலில் சொன்னது முயலைப் பற்றித்தான். சுட்ட பிறகு பையைப் பார்ப்பது புதிதல்ல என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வங்கி ஊழியர் ஒருவர் வேறு கோணத்தில் எரிச்சற்பட்டார். முகம் நசுங்குவதை ஏன் இத்தனை அருகில் காட்ட வேண்டும்? அழகான ஒளி, அளந்து வைத்த கமரா, நடுவில் இந்தக் கோரம். எங்களுக்குத் தெரிந்த ஒன்றை எங்களுக்கே அலங்கரித்துக் காட்டுகிறார்கள் என்றார். ரீச்சர் மறுத்தார். காட்டாமல் விட்டிருந்தால் கப்டனை வெறும் கண்டிப்பான மனிதன் என்று நினைத்திருப்போம் என்றார். இருவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. என் சாய்வு ரீச்சர் பக்கம். அந்தக் காட்சியில் நசுங்கிய முகத்தைவிட, முயலைக் கண்டபின் கப்டனின் முகத்தில் ஒரு மாற்றமும் வராததுதான் கொடூரம். நசுங்கலைப் பார்த்திராவிட்டால் அந்த மாற்றமின்மையின் எடை நமக்குப் புரியாது.

மூன்று வரை எண்ணு

பிடிபட்ட கெரில்லாக்களில் ஒருவனுக்குத் திக்குவாய். சித்திரவதைக் கருவிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிவிட்டு, திக்காமல் மூன்று வரை எண்ணினால் விட்டுவிடுகிறேன் என்கிறான் கப்டன். ஒன்று வருகிறது. இரண்டு வருகிறது. மூன்றில் நாக்கு மாட்டிக்கொள்கிறது.

மண்டபத்தில் அப்போது ஒருவர் பெருமூச்சு விட்டது எல்லோருக்கும் கேட்டது. 1983 ஆடிக் கலவரத்தைக் கொழும்பில் கண்டவர்களிடம் பேசினால் ஏறக்குறைய எல்லோரும் சொல்வது ஒன்றுண்டு: வழிமறித்த கூட்டம் வாளிக்குரிய சிங்களச் சொல்லான 'பல்திய'வைச் சொல்லச் சொல்லும், உச்சரிப்புப் பிசகினால் ஆள் தமிழன். ஓர் எழுத்தில் உயிர் தொங்குவது எப்படி இருக்கும் என்று இந்த நகரத்துத் தமிழருக்கு ஸ்பெயின் சொல்லித் தரத் தேவையில்லை. இந்தப் படம் ஒஸ்கார் வாங்கிய அதே 2007 இல், ஜூன் 7 விடியற்காலையில், கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்கள் நூற்றுக்கணக்கில் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. லொட்ஜுகள் வரிசையாக இருந்த வீதிகளில் சில, அந்த ரியூட்டரியிலிருந்து நடந்து போகும் தூரம்தான்.

ஆகவே படத்தின் நிலத்துக்கு மேலுள்ள பாதி எங்களுக்கு மிக நெருக்கமானது. ரேஷன் அட்டை, பாண் விநியோகம், குடும்பத்துக்கு ஓர் அட்டை போதும் என்று விருந்து மேசையில் வாய் நிறைய உணவோடு பேசும் பாதிரியாரும் கனவான்களும். எழுபதுகளில் விடியற்காலையில் பாணுக்கு வரிசையில் நின்ற ரீச்சர் அந்த விருந்துக் காட்சியில் சத்தமாகவே சிரித்துவிட்டார். வன்னி அம்மாவுக்கு அது நிவாரண வரிசை. மாணவர்களுக்கு 2022 இன் எரிவாயு வரிசை.

இத்தனை நெருக்கம் இருந்தும் 'ஆனால்' எங்கிருந்து வந்தது? நெருக்கத்திலிருந்தேதான் வந்தது என்று நினைக்கிறேன்.

கப்டன் என்ற அரக்கன்

விதாலாக நடித்த செர்ஜி லோபெஸ் அந்தப் பாத்திரத்தை விட்டு ஓர் இமைப்பொழுதும் விலகவில்லை. கண்ணாடி முன் சவரம் செய்வது, சப்பாத்தை மினுக்குவது, தந்தையின் சட்டைப்பைக் கடிகாரத்தைப் பல்சக்கரம் பல்சக்கரமாகத் துடைப்பது: எல்லாமே துல்லியம். இருந்தும் அவன் முழு அரக்கன். அவனிடம் ஒரு தயக்கம் கிடையாது, ஒரு கெட்ட கனவு கிடையாது. தெல் தோரோ வேண்டுமென்றே அப்படி எழுதியிருக்கிறார்; மாயக்கதைக்கு ஓநாய் தேவை.

எங்கள் அனுபவத்தில் வந்த கப்டன்கள் இப்படி இருக்கவில்லை. சோதனைச்சாவடியில் அடையாள அட்டையைத் திருப்பித் தந்துவிட்டுச் சாப்பிட்டீர்களா என்று கேட்டவனும் இருந்தான். அடுத்த நாள் அதே இடத்தில் தம்பியை ஏற்றிப்போனவனும் அவனேயாக இருக்கலாம். அது எதிர்த்தரப்புக்கு மட்டும் உரியதுமல்ல. எங்கள் பக்கத்துத் துப்பாக்கிகளும் கதவைத் தட்டிப் பிள்ளைகளைக் கேட்டதுண்டு. படத்தின் காட்டுக்குள் இருக்கும் கெரில்லாக்களோ ஒரு பிழையும் செய்யாதவர்கள், பசியிலும் பண்பானவர்கள். இதை முதலில் எடுத்துச் சொன்னவர் ரீச்சர். சொன்னதும் மண்டபத்தில் ஒரு நெளிவு ஏற்பட்டது. யாரும் மறுக்கவில்லை, தொடரவும் விரும்பவில்லை.

படத்தில் அரக்கனும் அல்லாத தேவனும் அல்லாத ஒரே ஆள் மருத்துவர் ஃபெரைரோ. பகலில் கப்டனின் மனைவிக்கு மருந்து, இரவில் காட்டுக்குள் கெரில்லாவின் அழுகிய காலை அறுத்தெடுப்பது. சித்திரவதைப்பட்ட திக்குவாய்க்காரன் கெஞ்சியபோது ஊசி போட்டு அவனை விடுவிக்கிறார். ஏன் கீழ்ப்படியவில்லை என்று கப்டன் உண்மையாகவே புரியாமல் கேட்கிறான். கேள்வி கேட்காமல் கீழ்ப்படிவது உங்களைப் போன்றவர்களால்தான் முடியும் என்று சொல்லிவிட்டு, முதுகைக் காட்டி நடக்கிறார் மருத்துவர். அந்த நடையில் அவசரமில்லை. குண்டு வரும் என்று தெரிந்த மனிதனின் நடை. மண்டபத்தில் எல்லோருக்கும் பிடித்த பாத்திரம் அவர்தான். சிக்கல் இல்லாமல் பிடித்த ஒரே பாத்திரமும் அவர்தான்.

சமையலறையில் இருப்பவள்

பேச்சு இந்தத் திசையில் ஓடிக்கொண்டிருந்தபோது, அதுவரை வாய் திறவாமல் இருந்த ஹற்றன் ஆசிரியை மெர்சடீஸைப் பற்றிக் கேட்டார். ஆலையின் வீட்டு வேலைகளை நடத்துபவள் மெர்சடீஸ். அவளுடைய தம்பி காட்டில் கெரில்லா. சாவி, மருந்து, உணவு எல்லாம் அவள் கை வழியாகவே காட்டுக்குப் போகிறது. மாட்டிக்கொண்டதும் கப்டன் காவலாளிகளை அனுப்பிவிடுகிறான்; இவள் வெறும் பெண்தானே என்கிறான். அப்படி நினைத்ததால்தான் நான் உன் கண்ணில் படவில்லை என்று சொல்லிக்கொண்டே, உருளைக்கிழங்கு சீவும் சிறு கத்தியால் கட்டை அறுத்து அவன் வாயைக் கிழித்துவிடுகிறாள்.

ஆசிரியை சொன்னதன் சாரம் இது. நீங்கள் எல்லோரும் ஒஃபீலியாவாக இருந்து படம் பார்த்தீர்கள். உங்கள் வீடுகளின் சமையலறைகளில் மெர்சடீஸாக நின்றது யார்? மலையகத்திலிருந்து சிறு வயதிலேயே கொழும்பு வீடுகளுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள். தமிழ் வீடுகளுக்கும்தான். தன் சித்தி இதே காலி வீதியோரத்து வீடொன்றில் வேலைக்கு நின்று வளர்ந்தவர் என்றும், அந்த வீட்டார் மிக நல்லவர்கள் என்றும், அவர்களுக்குச் சித்தியின் ஊர்ப் பெயர் கடைசி வரை தெரியாது என்றும் சொன்னார்.

அன்றைய பேச்சில் இதைவிடக் கூர்மையான ஒன்று வரவில்லை. துன்பப்பட்டவனின் இருக்கையில் நாங்கள் எவ்வளவு சுலபமாக உட்கார்ந்துவிடுகிறோம்! திரை அந்த இருக்கையை நீட்டியதும் 30 பேரும் ஏறி அமர்ந்துவிட்டோம். மெர்சடீஸை இவ்வளவு நன்றாக எழுதிய படமும் இறுதியில் அவளை ஒரு தாலாட்டை முனகும் துணைப்பாத்திரமாகவே விட்டுவைக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இரண்டு திராட்சை

மாயப் பகுதிக்கு வந்தபோது குரல்கள் இளகின. ஒப்பனைப் பெண் வெளிறிய மனிதனைப் பற்றிச் சொன்னவை ஒரு வகுப்புக்குச் சமம். நீண்ட விருந்து மேசையின் தலைமாட்டில் அசையாமல் அமர்ந்திருக்கும் அந்த உருவத்துக்கு முகத்தில் கண் இல்லை. கண்கள் தட்டில் கிடக்கின்றன, அவற்றை எடுத்து உள்ளங்கைகளில் பொருத்திக்கொள்கிறது. உடம்பில் தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்குகிறது. இது ஒல்லியான பேய் அல்ல, ஒரு காலத்தில் பருத்திருந்த உடம்பு வற்றியது, அதனால்தான் தோல் மிச்சம் என்று அவர் விளக்கினார். கொம்பனாகவும் வெளிறிய மனிதனாகவும் நடித்தவர் டக் ஜோன்ஸ் என்ற ஒரே அமெரிக்கர். ஸ்பானியம் தெரியாத நிலையில் வசனங்களை உருப்போட்டு நடித்தார். கொம்பனின் குரல் வேறொருவருடையது. ஒப்பனைக்கு டேவிட் மார்ட்டியும் மொன்ட்சே ரிபேயும் வாங்கிய ஒஸ்காரைப் பற்றி எங்களில் எவருக்கும் 'ஆனால்' இல்லை.

வெளிறிய மனிதனின் அறை மூலையில் சிறு சப்பாத்துகளின் குவியல். அவன் அமர்ந்திருக்கும் இடமும் அவனுக்குப் பின்னால் எரியும் நெருப்பும், கப்டன் விருந்தில் அமர்ந்திருந்த இடத்தையும் நெருப்பையும் அப்படியே ஒத்திருக்கும். ஒரு மாணவன் இதைக் கண்டுபிடித்துச் சொன்னபோது பின்வரிசையில் 'அட' என்று ஒரு குரல்.

மேசையில் எதையும் தொடாதே என்று கொம்பன் எச்சரித்திருந்தும் ஒஃபீலியா இரண்டு திராட்சைகளைத் தின்கிறாள். வெளிறிய மனிதன் விழித்துக்கொள்கிறான். துணைக்கு வந்த தேவதைகளில் இரண்டு அவன் வாய்க்குள் போகின்றன. ரீச்சருக்கு இதில் கடும் கோபம். இவ்வளவு புத்திசாலிப் பிள்ளை எதற்காக இப்படிச் செய்கிறது, கதாசிரியருக்கு ஓர் ஓட்டம் தேவைப்பட்டதால் பிள்ளையை முட்டாளாக்கிவிட்டார் என்றார். வன்னி அம்மா அப்போதுதான் இரண்டாம் முறையாகப் பேசினார். பசித்த பிள்ளைக்கு முன்னால் சாப்பாட்டை வைத்துவிட்டுத் தொடாதே என்று சொன்னவனிடம் கோபப்படுங்கள் ரீச்சர் என்றார். உடுப்பைச் சேறாக்கியதற்காக ஒஃபீலியாவை இராச்சாப்பாடு இல்லாமல் படுக்க அனுப்பிய காட்சி முன்னரே வந்துபோனதை ஒரு மாணவன் நினைவூட்டினான். ரீச்சர் "சரி" என்று சொல்லி அமைதியானார். அந்த "சரி"யில் சம்மதம் முழுமையாக இருக்கவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

என் தீர்ப்பு இங்கேதான் உருவானது. படத்தின் மாயப் பாதி பொய் சொல்லவில்லை. பசி, பயம், கீழ்ப்படியாமை, தாயைக் குணமாக்கக் கொம்பன் தந்து, அவள் கட்டிலுக்கடியில் பாலில் ஊறும் வேரைக் காப்பாற்றத் துடிக்கும் பிள்ளையின் மூட நம்பிக்கை எல்லாம் உள்ளபடியே இருக்கின்றன. மாயக்கதை நடப்பது நிலத்துக்கு மேலே. முழுக் கெட்டவனான கப்டன், முழு நல்லவர்களான கெரில்லாக்கள், கடைசியில் கெட்டவன் சுற்றிவளைக்கப்பட்டுச் சாவது: இவைதான் தேவதைக் கதை.

நேரம்

இறுதிக் காட்சியைப் பற்றிய வழமையான விவாதம், பாதாள உலகம் உண்மையா, சிறுமியின் கற்பனையா என்பது. உண்மை என்று தெல் தோரோவே சொல்லியிருக்கிறார். சுவரில் சோக்கால் வரைந்த கதவு வழியாக அவள் பூட்டிய அறையிலிருந்து வெளியேறுவதை ஆதாரமாகக் காட்டுவார்கள். கப்டன் கண்ணுக்குக் கொம்பன் தெரியவில்லை என்பதை மறுதரப்பு காட்டும். எங்கள் மாணவர்களும் இதில் அரை மணி நேரம் மல்லுக்கட்டினார்கள். எனக்கு அதில் பெரிய அக்கறை இல்லை.

கப்டனின் கடிகாரத்தில்தான் நான் நின்றுவிட்டேன். போரில் இறந்த அவன் தந்தை, சாகும் நேரம் மகனுக்குத் தெரியட்டும் என்று கடிகாரத்தை உடைத்து நிறுத்தினாராம். ஒஃபீலியாவைச் சுட்டுவிட்டுக் கைக்குழந்தையோடு வெளியே வரும் விதாலை கெரில்லாக்கள் வளைத்து நிற்கிறார்கள். குழந்தையை மெர்சடீஸிடம் கொடுத்துவிட்டு, கடிகாரத்தைக் கையில் எடுக்கிறான்; அப்பா எந்நேரத்தில் இறந்தார் என்று என் மகனுக்குச் சொல்லுங்கள் என்கிறான். மெர்சடீஸ் மறுக்கிறாள்: உன் பெயர்கூட அவனுக்குத் தெரியாது. குண்டு பாய்கிறது. பல அரங்குகளில் கைதட்டல் விழும் இடம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

எங்களிடையே அது அப்படி இறங்கவில்லை. இறந்த நாள் தெரிந்தால்தான் திதி பார்க்க முடியும். எந்த நாளில் என்று தெரியாமல், இறந்தாரா என்றே தெரியாமல், 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சியில் தெருவோரம் அமர்ந்த தாய்மார் இருக்கிறார்கள். காணாமற்போனோர் அலுவலகத்துக்கான சட்டம் 2016 இல் வந்தது; அலுவலகம் 2018 இல் இயங்கத் தொடங்கியது; தாய்மார் அதை நம்பவில்லை. கப்டனுக்கு மறுக்கப்படும் அந்தத் தகவல், இங்கே கப்டன்கள் மற்றவர்களுக்கு மறுத்த தகவல். அதைக் கைதட்டி ரசிக்க முடியுமா என்பது எனக்குத் தெளிவாக இல்லை. பழிக்குப் பழி என்ற அளவில் கணக்குச் சரிதான். வன்னி அம்மா அந்த இடத்தில் மாணவனிடம் மொழிபெயர்ப்பைத் திரும்பச் சொல்லச் சொன்னார்; இரண்டாம் முறை கேட்டுவிட்டுத் தலையசைத்தார்.

வரலாறு படத்தின் முடிவுக்கு ஒத்துவரவுமில்லை. நேச நாட்டுப் படைகள் தங்களுக்காகவும் வரும் என்று காட்டில் காத்திருந்தவர்களுக்கு யாரும் வரவில்லை. பிராங்கோ 1975 நவம்பரில் படுக்கையில் இறக்கும் வரை ஆட்சியில் இருந்தார். 1977 இல் பொது மன்னிப்புச் சட்டம் எல்லாவற்றையும் மூடியது. வரலாற்று நினைவுச் சட்டம் 2007 டிசம்பரில்தான், இந்தப் படம் வெளிவந்த பிறகுதான், நிறைவேறியது. புதைகுழிகளை இன்னமும் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். இதையெல்லாம் அறிந்த ஸ்பானியப் பார்வையாளருக்கு, ஆலையில் கிடைக்கும் அந்தச் சின்ன வெற்றியின் பின்னால் 31 ஆண்டுத் தோல்வி தானாகவே தெரியும். வெளியாருக்குத் தெரியாது, அவர்களுக்கு அது வெறும் நல்ல முடிவு. கான் கைதட்டலில் எவ்வளவு எந்த வகை என்று பிரித்துப் பார்க்க வழியில்லை.

வட்டத்தின் அடுத்த படம் தெல் தோரோவின் 'டெவில்ஸ் பேக்போன்' என்று முடிவாயிற்று. 2001 இல் வந்தது. 1939 ஸ்பெயின், அநாதை விடுதி, முற்றத்தில் வெடிக்காமல் குத்தி நிற்கும் குண்டு, ஒரு சிறுவனின் ஆவி. ரீச்சர் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்: படம் தொடங்குமுன் கதையின் கடுமையான இடங்களை அறிவிக்க வேண்டும், தமிழில் சத்தமாகச் சொல்ல இருவரை முன்கூட்டியே நியமிக்க வேண்டும். மகளைக் கூட்டிக்கொண்டு வெளியேறிய தகப்பன் தொலைபேசியில் அழைத்து, அடுத்தது பேய்ப்படமா என்று விசாரித்தார். ஆம் என்றதும், பேய் என்றால் பிள்ளை பயப்பட மாட்டாள், கூட்டி வருகிறேன் என்றார். போர் இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. அறிவிக்கும் பொறுப்பு ரீச்சரிடம் இருக்கிறது.